மேகமலையில் 1971-ல் விமானம் மோதியது எப்படி? இன்றைக்கும் அப்படி நடக்குமா?

கேள்வி இதுதான்: "எழுபதுகளின் தொடக்கத்தில் மேகமலையில் ஒரு பயணிகள் விமானம் மோதியதாகக் கம்பம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார். உண்மையா? நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விமானம் எப்படி மலையில் போய் மோதும்? இப்போது மதுரைக்கு விமானத்தில் வருபவர்கள் பயப்பட வேண்டுமா? அந்த இடத்தைப் போய்ப் பார்க்க முடியுமா?"

விமான நிலைய வானிலைப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரியவர் சொன்னது உண்மை. 1971 டிசம்பர் 9. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் சின்னமனூர் அருகே மேகமலைத் தொடரில் மோதியது. 27 பயணிகள், 4 ஊழியர்கள், ஆக 31 பேர் அதில் இருந்தார்கள். ஊழியர்கள் நான்கு பேரும் பயணிகளில் 17 பேரும் இறந்துபோனார்கள். பத்துப் பேர் பிழைத்தார்கள். மதுரை விமான நிலையத்துக்கு இன்னும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் இருந்தது. நடந்தது பகலில்தான், ஆனால் பார்வைத் தூரம் குறைவாக இருந்த நேரம்.

இவ்வளவு பெரிய விபத்து நம் ஆட்களுக்கே ஏன் ஞாபகம் இல்லை என்று கேட்பீர்கள். தேதியைப் பாருங்கள். பாகிஸ்தானுடன் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்த வாரம் அது. டிசம்பர் 3-ல் தொடங்கிய சண்டை 16-ல்தான் முடிந்தது. மேற்கு மலையோரத்தில் நடந்த இந்த விபத்து அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போனதில் ஆச்சரியமில்லை. இன்னொன்று, அப்போது தேனி மாவட்டம் என்று ஒன்று கிடையாது. அது 1996-ல் பிரிந்ததுதான். சின்னமனூர், கம்பம், போடி எல்லாம் மதுரை ஜில்லாவுக்குள் இருந்தன. அதனால் பழைய செய்திகளைத் தேடுகிறவர்கள் "மதுரை அருகே" என்ற பெயரில் தேடினால்தான் கிடைக்கும்.

விமானம் எச்.எஸ்.748 ரகம். நம் ஊரில் "ஆவ்ரோ" என்றுதான் சொல்வார்கள். வடிவமைப்பு பிரிட்டிஷ்காரர்களுடையது. கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டிக்கொடுத்தது. இரண்டு டர்போபிராப் எஞ்சின், நாற்பது சொச்சம் இருக்கை. சின்ன ஊர்களின் குட்டை ஓடுபாதைகளுக்குத் தோதான விமானம் அது.

இனி வரைபடத்தை எடுங்கள். திருவனந்தபுரத்துக்கும் மதுரைக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது குற்றாலத்துக்குப் பக்கமாக மலையைத் தாண்டி, சங்கரன்கோவில், சிவகாசி மேலாக மதுரைக்கு வந்து சேரும். மலையைக் கடப்பது தென்காசிப் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது, அப்புறம் கரிசல் சமவெளிதான். மேகமலை அந்தக் கோட்டுக்கு வெகு மேற்கே தள்ளி இருக்கிறது. வானத்தில் எப்போதும் நேர்கோட்டிலேயே போக வேண்டும் என்றில்லை. வழித்தடம் வேறாக இருக்கலாம், மேகக் கூட்டத்தைச் சுற்றி வரலாம். ஆனால் மேற்குப் பக்கமாக வருகிற விமானத்துக்குக் கீழே மலை முடிய வெகு நேரம் ஆகும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஏலக்காய் மலை, மேகமலை, வருசநாட்டு மலை, ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கத்துக் குன்றுகள் என்று ஒன்று முடிய ஒன்று வரும். மேகமலை எஸ்டேட் பகுதியே ஏறத்தாழ 1,500 மீட்டர், அதாவது 5,000 அடி. சில முகடுகள் அதற்கும் மேல். மதுரை ஓடுபாதையோ கடல்மட்டத்திலிருந்து 450 அடி சுமாருக்கு இருக்கிறது.

டிசம்பர் என்றால் நமக்கு வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கிழக்குச் சரிவில் ஏறி, குளிர்ந்து, முகட்டிலேயே மேகமாகிவிடும். கார்த்திகையில் சின்னமனூர் கடைத்தெருவில் நின்று மலைப்பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கீழே வாழைத்தோட்டத்தில் நல்ல வெளிச்சம் இருக்கும், பாதி மலைக்கு மேலே ஒன்றுமே இருக்காது, வெள்ளைச் சுவர். "மலை மூடிருச்சு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அந்தச் சுவருக்குள் பறப்பவருக்கு மேகத்துக்கும் மலைக்கும் வித்தியாசம் தெரியாது. கண்ணாடியில் சாம்பல் நிறம் மட்டும்தான்.

ஆனால் "மோசமான வானிலையால் விபத்து" என்று எழுதி முடித்துவிடுவது சோம்பேறித்தனம் என்பது என் அபிப்பிராயம். மேகம் விமானத்தை மோத வைப்பதில்லை. தினமும் ஆயிரக்கணக்கான விமானங்கள் மேகத்துக்குள் புகுந்துதான் வெளியே வருகின்றன. கேடு வருவது ஒரே ஒரு முடிவில்: தான் எங்கே இருக்கிறோம் என்பது உறுதியாவதற்கு முன்பே கீழே இறங்கத் தொடங்குவது. சின்னமனூர் விபத்தும் மதுரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது நடந்ததுதான். விமானத்துறையில் இந்த வகைக்குத் தனித் தலைப்பே உண்டு. விமானத்தில் கோளாறு இல்லை, அது பைலட்டின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, அந்த நிலையிலேயே போய் நிலத்தில் மோதுகிறது. உள்ளே இருப்பவர்களுக்குக் கடைசி சில நொடி வரைக்கும் எதுவும் தப்பாகத் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை.

எங்கே இருக்கிறோம் என்பது எப்படித் தெரியாமல் போகும்? இன்றைக்குக் கையில் இருக்கும் போனே சொல்லிவிடுகிறது. 1971-ல் அப்படி இல்லை. சின்ன விமான நிலையங்களில் ரேடார் கிடையாது. கண்ட்ரோல் டவரில் இருப்பவருக்கு, பைலட் ரேடியோவில் சொல்வதுதான் தகவல். பைலட்டுக்கோ கடிகாரம், வேகம், காற்றைப் பற்றிய ஒரு கணிப்பு; அதோடு தரையில் இருந்து ரேடியோ அலை அனுப்பிக்கொண்டே இருக்கும் பீக்கனை நோக்கித் திரும்பும் ஒரு முள். அந்த முள் திசையைக் காட்டும், தூரத்தைக் காட்டாது. பக்கத்தில் இடி மின்னல் இருந்தால் பீக்கனை விட்டுவிட்டு மின்னல் பக்கம் திரும்பும். மலைகளுக்கு நடுவே சிக்னல் எதிரொலித்துக் குழம்பும். எதிர்க்காற்று நினைத்ததைவிடப் பலமாக இருந்தால், கடிகாரப்படி மலையைத் தாண்டியாகிவிட்டது, உண்மையில் மலை இன்னும் முன்னால் நிற்கிறது. இந்தக் குறைகள் அந்தக் காலத்து விமானிகள் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் "தாண்டிவிட்டோம் என்று உறுதியாகும் வரை உயரத்தை விடாதே" என்பது பாலபாடம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இறங்கும்போது ஒரு கடல்மைலுக்குச் சுமார் 300 அடி குறைப்பது இன்றைய வழக்கம். 80 கிலோமீட்டர் என்பது 43 கடல்மைல். அந்தச் சரிவுப்படி அந்த இடத்தில் ஒரு விமானம் ஏறத்தாழ 13,000 அடியில் இருக்க வேண்டும், மேகமலை வெகு கீழே கிடக்கும். அன்றைய ஆவ்ரோ இவ்வளவு குறுகிய தூரத்துக்கு அத்தனை உயரம் ஏறியிருக்க வேண்டிய தேவையில்லை என்பதும் உண்மை. தாழ்வாகப் பறக்கும் விமானத்துக்குக் கையிருப்பு உயரம் குறைவு. சீக்கிரம் இறங்கத் தொடங்கினால் அதுவும் கரைந்துவிடும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1974 டிசம்பர் 1-ல் அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஏ 514 என்ற விமானம் வாஷிங்டன் டல்லஸ் நிலையத்துக்கு இறங்க வந்தது. "இறங்கலாம்" என்று தரைக்கட்டுப்பாடு அனுமதி கொடுத்தது. அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் வழியில் தடை இல்லை என்று காக்பிட்டில் எடுத்துக்கொண்டார்கள். அனுமதி கொடுத்தவரோ உயரத்தைப் பைலட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார். அந்தப் பகுதியில் 3,400 அடிக்குக் கீழே வரக் கூடாது என்று வரைபடத்தில் இருக்கிறது. அதைக் காக்பிட்டில் பேசிக்கூட இருக்கிறார்கள், குரல் பதிவில் இருக்கிறது. ஆனாலும் 1,800 அடிக்கு இறங்கினார்கள். வர்ஜீனியாவில் ஒரு மலைமுகட்டில் மோதி 92 பேரும் இறந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் தரை நெருக்க எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. டான் பேட்மன் என்ற கனடாப் பொறியாளர் அறுபதுகளின் இறுதியிலேயே உருவாக்கிய பெட்டி அது. ரேடியோ அலையைக் கீழே அனுப்பி, தரை எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று பார்க்கும். வேகம் மிஞ்சினால் "டெரெய்ன், டெரெய்ன்" என்று கத்தும், அடுத்தது "புல் அப்". பலரைக் காப்பாற்றியது. ஆனால் அதற்குப் பார்வை கீழே மட்டும்தான். குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பவன் எதிரே இருக்கும் சுவரில் முட்டுகிற மாதிரி, செங்குத்தான மலை முன்னால் வந்தால் அது எச்சரிப்பதற்கும் மோதுவதற்கும் நடுவே சில நொடிகள்தான் இருக்கும்.

அந்தச் சில நொடி போதவில்லை என்பதற்கு உதாரணம் கொலம்பியாவின் காலி நகரம். 1995 டிசம்பர் 20, மயாமியிலிருந்து வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965. இரண்டு பக்கமும் ஆண்டீஸ் மலை, நடுவில் பள்ளத்தாக்கு, இரவு நேரம். ரோசோ என்ற பீக்கனுக்குப் போக நினைத்து விமானத்தின் கணினியில் 'ஆர்' என்று ஓர் எழுத்தைத் தட்டினார்கள். கணினி எடுத்துக்கொண்டதோ அதே எழுத்தை உடைய, பொகோட்டாவுக்குப் பக்கத்து வேறொரு பீக்கனை. விமானம் மலைப்பக்கம் திரும்பியது, இறக்கமும் நிற்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்று குழம்பிப் பேசிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். எச்சரிக்கை கத்தியபோது மிஞ்சியிருந்தது ஏறத்தாழ 12 நொடி. முழு விசையில் மேலே தூக்கினார்கள். ஆனால் வேகத்தைக் குறைக்க இறக்கையின் மேல் விரித்திருந்த தட்டுகளை மடக்க மறந்துவிட்டார்கள். 159 பேர் இறந்தார்கள், 4 பேர் பிழைத்தார்கள். இந்த ஒரு விபத்தை விரிவாகப் படித்தாலே மலை விபத்துகளின் மொத்தக் கதையும் விளங்கிவிடும்.

பேட்மன் அதற்கும் வழி கண்டார். உலகத்தின் மேடு பள்ளம் முழுவதையும் கருவியின் நினைவகத்தில் ஏற்றிவிட்டால், விமானம் இருக்கும் இடத்தை வைத்து முன்னால் வரப்போகும் மலையை முன்கூட்டியே சொல்லலாம் இல்லையா? சிக்கல், பாதி உலகத்துக்கு நல்ல நிலப்படம் கிடையாது. சோவியத் யூனியன் உடைந்தபோது அவர்கள் ரகசியமாக வைத்திருந்த படங்கள் விலைக்கு வந்தன. அதை வாங்கித்தான் கருவியை முழுமையாக்கினார்கள். இப்போது திரையில் மலை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெரியும். எச்சரிக்கை நொடிக்கணக்கில் இல்லாமல் அரை நிமிஷம், அதற்கும் முன்பே வந்துவிடும். இன்று மதுரைக்கு வரும் ஏர்பஸ், ஏ.டி.ஆர் விமானங்களில் இது கட்டாயம்.

ஆகவே மதுரைக்கு வருவது பற்றிய பதில்: பயப்பட வேண்டாம். ஒவ்வொரு விமான நிலையத்தைச் சுற்றியும் 25 கடல்மைலுக்கு, இவ்வளவு உயரத்துக்குக் கீழே வரக் கூடாது என்று வரைபடத்தில் எல்லை போட்டிருப்பார்கள். அந்த வட்டத்துக்குள் இருக்கும் உச்சியான இடத்துக்கு மேல் குறைந்தது ஆயிரம் அடி, மலைப்பகுதி என்றால் இரண்டாயிரம் அடி வரை இடைவெளி வைப்பார்கள். மேகமலை மாதிரி வட்டத்துக்கு வெளியே இருப்பவற்றுக்கு வழித்தடத்துக்கென்று தனிக் குறைந்தபட்ச உயரம் உண்டு. வானிலையிலும் ஊகத்துக்கு வேலை கிடையாது. நான் பார்த்த வேலையே அதுதான்: அரைமணிக்கு ஒருமுறை வெளியே வந்து நின்று, தூரம் தெரிந்த அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். திருப்பரங்குன்றம் தெரிகிறதா, உச்சி தெரிகிறதா, பாதி மறைந்திருக்கிறதா, அதற்குப் பின்னால் நாகமலை தெரிகிறதா? பாறை மங்கலாக இருந்தால் பார்வைத் தூரத்துக்கு ஒரு எண், மறைந்துவிட்டால் இன்னொரு எண். கருவிகள் வந்த பிறகும் அந்தப் பார்வையை நான் விட்டதில்லை.

ஆனால் கருவி சொன்னால் மட்டும் போதாது, கேட்க வேண்டும். 2012 மே 9-ல் இந்தோனேசியாவில் சுகோய் சூப்பர்ஜெட் என்ற புத்தம் புது விமானத்தை, வாங்க வந்தவர்களுக்கு ஓட்டிக் காட்டினார்கள். சலாக் மலையை நெருங்கும்போது கருவி எச்சரித்தது. தரவில்தான் பிழை என்று நினைத்து அதை அணைத்துவிட்டார்கள். 45 பேர் செத்தார்கள். எச்சரிக்கை வந்ததும் தூக்கியிருந்தால் தப்பியிருக்கலாம் என்று விசாரணையில் தெரிந்தது.

நம் பக்கம் ஆபத்து மிச்சம் இருப்பது ஹெலிகாப்டர்களிலும் சிறு விமானங்களிலும்தான். அவை கண்ணால் தரையைப் பார்த்துக்கொண்டே தாழப் பறப்பவை. குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் 2021 டிசம்பர் 8-ல் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். திடீரென மாறிய வானிலையில் மேகத்துக்குள் புகுந்து, திசை உணர்வு தப்பி, நிலத்தில் மோதியது என்றுதான் விமானப்படை விசாரணை சொன்னது. சின்னமனூர் விபத்துக்கு ஐம்பது வருஷம் நிறைய ஒரு நாள் பாக்கி. நீலகிரிக்கு இது புதிதும் இல்லை. 1950 டிசம்பர் 13-ல் கோத்தகிரி அருகே ஏர் இந்தியாவின் டகோட்டா ரக விமானம் மோதியதில் இறந்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் வால்ட், உலகப் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞர். இரண்டாம் உலகப்போரில் குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களை வைத்து, எந்த இடத்தில் கவசம் போட வேண்டும் என்று கணக்குப் போட்டவர். திரும்பி வந்தவற்றில் ஓட்டை இல்லாத இடத்தில்தான் கவசம் வேண்டும், அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லை என்றார். மூன்று விபத்துமே டிசம்பர் 8-க்கும் 13-க்கும் நடுவே. தென்னாட்டு மலைகளுக்கு மேல் பறப்பவர்கள் இந்த மாதத்தை மரியாதையாக நடத்துவது நல்லது.

அப்புறம், பத்துப் பேர் எப்படிப் பிழைத்தார்கள் என்ற கேள்வி. பொதுவாகச் சொன்னால், மலையில் மோதினால் எல்லாரும் செத்துவிடுவார்கள் என்பது சரியில்லை. விமானம் எந்தக் கோணத்தில் பட்டது என்பதுதான் எல்லாம். செங்குத்துப் பாறையில் முட்டினால் ஒன்றும் மிஞ்சாது. சரிவை ஒட்டித் தேய்த்துக்கொண்டு, மரங்களை முறித்துக்கொண்டு போனால் வேகம் படிப்படியாக அடங்கும். மூக்குப் பகுதி அடியை வாங்கிக்கொள்ளும், வால் பக்கம் உடைந்து தனியே நிற்கும். பிழைக்கிறவர்கள் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்தவர்கள்.

ஆனால் மோதலில் பிழைத்தவர் மலையிலும் பிழைக்க வேண்டுமே. ஜப்பானில் 1985 ஆகஸ்ட் 12-ல் ஜப்பான் ஏர்லைன்ஸின் ஜால் 123 விமானம் மலையில் விழுந்தபோது 524 பேரில் கடைசியில் மிஞ்சியது நான்கே பேர், நால்வரும் பின்பக்கம் இருந்த பெண்கள். இரவில் ஹெலிகாப்டரில் மேலிருந்து பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இருப்பதாகத் தெரியவில்லை என்றார்கள். தரைக் குழு மறுநாள் காலையில்தான் போய்ச் சேர்ந்தது. இரவில் சுற்றிலும் முனகல்கள் கேட்டன, விடிவதற்குள் அடங்கிப்போயின என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள்.

இன்று விமானம் மோதியதும் அதிலேயே இருக்கும் அவசர பீக்கன் 406 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பும், செயற்கைக்கோள் பிடித்து பெங்களூரில் இருக்கும் இஸ்ரோ மையத்துக்குச் சொல்லும். அந்த ஏற்பாட்டின் முதல் செயற்கைக்கோளே 1982-ல்தான் மேலே போனது. அது வந்த பிறகும் மலை மலைதான். ஆன்டெனா ஒடிந்தாலோ, பள்ளத்துக்குள் கிடந்தாலோ சிக்னல் வராது. 2009 செப்டம்பரில் ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டியின் ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்தபோது அரசாங்கமே தேடியும் மறுநாள் காலைதான் கண்ணில் பட்டது. நம் மலையை எடுத்துக்கொண்டால் 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ. ஹெலிகாப்டர் வந்தது, கமாண்டோக்கள் வந்தார்கள், ஆனால் முதலில் மேலே ஏறியது உள்ளூர் ஆட்கள்தான். போர்வையைக் கம்பில் கட்டி டோலியாக்கித் தூக்கி வந்தார்கள். பாதை தெரிந்தவன் ஒருவன் இல்லாமல் இந்த மலைகளில் எந்த மீட்புக் குழுவும் ஒரு அடி நகர முடியாது.

கடைசிக் கேள்வி, அந்த இடத்தைப் பார்க்க முடியுமா என்பது. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குத் தார்ச்சாலை இருக்கிறது, 18 கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸும் போகிறது. ஆனால் 2021-ல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்கினால் வனத்துறை வழக்குப் போடும். தேயிலைத் தோட்டங்களும் தனியாருடையவை. விமானத்தின் மிச்சத்தைத் தேடிப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். சாலையிலிருந்து பார்த்தாலே மலையின் அமைப்பு நன்றாகப் புரியும். அதற்குக் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். பொழுது சாய்ந்த பிறகு தென்பழனி சோதனைச் சாவடியில் வண்டியை விடமாட்டார்கள்.